ஏர் ஓடாத மூலை

பிள்ளை செத்த மறுநாள் காலையில் என் மாமனார் ஏர் கட்டினார். இந்த ஒரு காரணத்துக்காகவே அவர் உயிரோடு இருந்தவரை அவரை வெறுத்தேன். செத்த பிறகும் விடவில்லை. திதி கொடுக்கும் நாளில் வடை சுட்டுக்கொண்டே திட்டியிருக்கிறேன்.

நான் டவுனில் பிறந்தவள். பெரிய கோயில் பக்கத்தில் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. எங்கள் வீட்டில் ஏர் என்றால் பொங்கல் வாழ்த்து அட்டையில் வரும் படம், அவ்வளவுதான். தமிழ் படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, அடி அண்ணாமலை கிராமத்தில் வாக்கப்பட்டேன். போன புதிதில் அந்த வீட்டில் மணி சொல்லும் விதமே எனக்குப் புரியவில்லை. சுவரில் கடிகாரம் ஓடும். ஆனால் மாமனார், ஏர் கட்டுகிற நேரத்துக்கு வந்தான், ஏர் அவிழ்க்கிற நேரத்துக்குப் போனான் என்றுதான் பேசுவார். ஏர் கட்டுகிற நேரம் என்றால் கிழக்கு வெளுக்கிற சமயம். அவிழ்க்கிற நேரம் என்றால் வெயில் ஏறி மாடு நுரை தள்ளுகிற சமயம். என் பிள்ளை ஏர் அவிழ்க்கிற நேரத்துக்குச் செத்தது. அந்த வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கும் அப்படியே மனசில் நின்றுவிட்டது.

தலைச்சன். ஆண். வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, எட்டாம் மாதத்தில் பிறந்துவிட்டது. தாய்வீட்டுக்குப் போக எனக்கு நேரமே கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்தது. பிழைக்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பேர் வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் தன் துண்டில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். அந்தத் துண்டின் கட்டம் போட்ட கரை மட்டும்தான் கடைசியாக நான் பார்த்தது.

பச்சைப் பிள்ளையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். அதற்குப் பெண்கள் போகக் கூடாது, பெற்றவள் போகவே கூடாது. மாமியார் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, பால் வற்றுவதற்காக என் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். அந்த வாசனையோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இன்றைக்கும் கார்த்திகை தீபத்துக்குக்கூட நான் மல்லிகை வைப்பதில்லை. வாசனை பட்டாலே மார்பு கனக்கிறது.

மறுநாள் விடிகிற சமயம் தொழுவத்தில் நுகத்தடியை எடுக்கிற சத்தம் கேட்டது. தொடர்ந்து மாமனாரின் குரல். "பச்சப் புள்ளைக்கு இன்னாடா தீட்டு. ஈரம் காஞ்சிடும், கெளம்பு." என் வீட்டுக்காரர் எழுந்து பின்னாலேயே போனார். மாட்டின் கழுத்து மணி தெருவழியே போய்த் தேய்ந்தது. ஆனி மாதம், நல்ல மழை பெய்திருந்தது, ஊரே மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, உழுதுகொண்டிருந்தது. எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் அந்த ஈரம் எங்கே ஓடிப்போயிருக்கும்? சாயங்காலம் அப்பாவும் மகனும் கணுக்கால்வரை சேற்றோடு வந்து கைகால் கழுவினார்கள். கொல்லை முழுக்க ஓட்டியாகிவிட்டது என்றார் மாமனார், என்னவோ சாதித்துவிட்டதுபோல. கொல்லை என்று அங்கே சொல்வது புஞ்சை நிலத்தை. அந்த நிமிஷம் அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் தோன்றியது.

கொல்லைக்கு நான் போனது ஒரு மாதம் கழித்து. எங்கள் கொல்லை அப்போது மூன்று துண்டாக இருந்தது, நடுவே இரண்டு வரப்பு. மல்லாட்டை முளைத்து, வரிசை வரிசையாக இலை விட்டிருந்தது. எல்லா இடமும் உழுதிருந்தார்கள். மேற்கே வேலியோரத்து மூலை மட்டும் உழாமல் கிடந்தது. ஒரு முறம் அகலத்துக்குக் கல் அடுக்கி, அதன்மேல் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. ஏர் எங்கே ஓடவில்லை என்று பார்த்தாலே போதும். வீட்டுக்காரரைப் பார்த்து, அதானே என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பேசாத மனுஷர். குனிந்ததை நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த மூலை என்னுடையது. வருஷா வருஷம் ஆனி மாதம் அந்த நாளில் ஒரு டம்ளர் பால் கொண்டுபோய் அங்கே ஊற்றுவேன். அவரும் வருவார், ஆனால் மூலைக்கு வர மாட்டார். கொல்லை நடுவில், வரப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பெற்ற பிள்ளைக்குப் பால் ஊற்றுகிற இடத்துக்கு வராமல் இப்படியும் ஒரு ஜென்மம் நிற்குமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வருஷம் கேட்டும் விட்டேன். நீங்க பெத்த புள்ளையா, இல்ல நான் மட்டும் பெத்தனா என்று. அதற்கும் அவர் குனிந்து மண்ணைத்தான் பார்த்தார்.

இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ ஒரு பௌர்ணமி முடிந்த காலையில் போய்ப் பார்த்தால், கல்லெல்லாம் உருண்டு கிடந்தது. முள்ளை இழுத்து எறிந்துவிட்டு யாரோ குழி பறித்திருந்தார்கள். நான் போட்ட கூச்சலுக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் ஓடி வந்தார்கள். மாமனார் நிதானமாக வந்து பார்த்தார், நாய் தோண்டியிருக்கும் என்றார். நாய் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டா தோண்டும்? வீட்டுக்காரர் மண்வெட்டி எடுத்துக் குழியைத் தூர்த்து, பழையபடி கல்லை அடுக்கினார். முகத்தில் ஒரு சலனம் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து என் பிள்ளையை இரண்டாம் தடவை புதைப்பதாக நினைத்து நான் நெஞ்சில் அடித்துக்கொண்டேன். உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்கக்கூட எனக்கு நாக்கு எழவில்லை.

பிற்பாடு ஒரு மகள் பிறந்தாள். மாமனார் காலமானார். மாடு விற்றோம், டிராக்டர் வந்தது. நாங்கள் டவுனை ஒட்டி வேங்கிக்காலில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தோம். மகள் சென்னையில் வேலைக்குப் போகிறாள். டிராக்டர்காரன் மாறினால் புது ஆளிடம் முதல் காரியமாக நானே போய்ச் சொல்லிவிடுவேன், மேற்கு மூலையில் ஓட்டாதே என்று. அந்த டீச்சரம்மாவிடம் வாயைக் கொடுக்காதே என்று அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பேசட்டுமே.

பள்ளிக்கூடத்தில் ஏரைப் பற்றிப் பாடம் வரும். கலப்பை, கொழு, மேழி என்று போர்டில் படம் போட்டு விளக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் முக்கால்வாசி பேர் மரக்கலப்பையைக் கண்ணால் பார்த்தது இல்லை. பொங்கல் வந்தால் செல்போன் முழுக்க ஏரும் மாடும்தான். ஏர் என்ற சொல்லுக்கு அழகு என்றும் ஒரு பொருள் உண்டு என்கிறது அகராதி. அதை எழுதிய புண்ணியவான், பிள்ளை செத்த மறுநாள் ஏர் கட்டின வீட்டில் குடியிருந்திருக்க மாட்டார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்துவிடுவேன். அகல உழுவதைவிட ஆழ உழு என்று வரும்போதுதான் எனக்கு வராது. எதையும் அரைகுறையாகக் கற்காதே, முழுசாகக் கற்றுக்கொள் என்று அர்த்தத்தை மட்டும் அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன். பிள்ளைகள் அதையே கோரஸாகக் கத்தினால் போர்டைத் துடைக்கத் திரும்பிக்கொள்வேன். எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

போன ஆனியில் என் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். அவன் என் வீட்டுக்காரருக்குத் தம்பி. பிள்ளை செத்தபோது வேலூரில் படித்துக்கொண்டிருந்தான். பிறகு ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு ஊரோடு வந்து உட்கார்ந்தான். உழுகிறபோது ஊர்வழியே போய்விட்டு அறுக்கிறபோது அரிவாளோடு வந்தவன் என்று நான் அவனைக் கிண்டல் செய்வதுண்டு. சிரித்துக்கொள்வான். உண்மையில் இப்போது இரண்டு பங்கையும் சேர்த்துப் பயிர் வைப்பது அவன்தான். எங்கள் கொல்லை, அதை ஒட்டிக் கிழக்கே அவன் கொல்லை.

விஷயத்தை அவன் பதமாகத்தான் சொன்னான். இப்போது வருவதெல்லாம் பெரிய டிராக்டர், ஒன்பது கலப்பை. துண்டு துண்டாக இருக்கிற நிலத்தில் ஓட்டுவதைவிடத் திருப்புவதுதான் ஜாஸ்தி. டிரைவர் வரவே மாட்டேன் என்கிறான். மேற்கு வேலியைப் பிரித்து அந்த மூலை வழியாக ஒரு பாதை விட்டால் ரோட்டிலிருந்து வண்டி நேராக உள்ளே இறங்கிவிடும். வரப்புகளும் அப்படியே இருக்கலாம், ஒவ்வொரு துண்டாகச் சுற்றி ஓட்டிக்கொள்வான். இவ்வளவையும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும், அதாவது நான் சொல்லித் தெரியும்.

"தம்பி, வேற எதை வேணா இடிச்சுக்கோ. அந்த மூலையில மட்டும் கை வைக்காத" என்றேன்.

அப்படியென்றால் ஒரே வழிதான் இருக்கிறது அண்ணி என்றான். அவன் கொல்லை வழியாகக் கிழக்கேயிருந்து வண்டியை விட வேண்டும், நடுவில் இருக்கிற வரப்பு எல்லாவற்றையும் எடுத்துச் சமமாக்கிவிட வேண்டும். எடுத்துக்கோ என்றேன். அந்த வரப்புகள் எனக்கு என்ன உறவா, ஒட்டா? மூலை தப்பித்ததே என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். வாயைத் திறந்தார், மூடினார். நான் அதைக் கொட்டாவி என்று நினைத்தேன். காப்பி போட எழுந்து போய்விட்டேன்.

ஜேசிபி வந்து ஒரே மத்தியானத்தில் வரப்பையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டதாம். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அடுத்த இரண்டு நாளும் அப்படித்தான். சர்க்கரை கம்மியாகிவிடும் என்று நான் திட்டித் திட்டிக் கஞ்சி கொடுத்தேன். இந்த வயதில் இவருக்கு என்ன வந்தது என்றுதான் நினைத்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை.

உழவு ஓட்டுகிற நாளும் நான் பால் ஊற்றுகிற நாளும் ஒன்றாகவே வந்தது. லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம். வரப்பு இல்லாமல் கொல்லை கண்ணுக்குப் புதுசாக இருந்தது, ஒரே வெட்டவெளியாக. மலை வழக்கத்தைவிடக் கிட்டத்தில் தெரிந்தது. கிழக்கே டிராக்டர் வந்து நின்றிருந்தது. கொழுந்தன் டிரைவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் டம்ளரோடு மூலையைப் பார்த்து நடந்தேன். இவர் பின்னாலேயே வந்தார். வழக்கமாக வராதவர் வருகிறாரே என்று திரும்பிப் பார்த்தேன்.

"அங்க இல்ல" என்றார்.

"இன்னா அங்க இல்ல?"

"கொழந்தை. அந்த மூலையில இல்ல. அது வெறும் கல்லும் முள்ளும்தான். அப்பா வச்சாரு."

நான் டம்ளரைப் பிடித்தபடி நின்றேன். அவர் மண்ணில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், இத்தனை வருஷமும் சேர்த்து வைத்ததை ஒரேயடியாகச் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

தலைச்சன் பிள்ளையின் மண்டை ஓட்டில் மந்திரவாதிகள் மை செய்வார்கள் என்று இந்தப் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. எங்கேயாவது தலைச்சன் செத்தது தெரிந்தால் தோண்டி எடுத்துப் போய்விடுவார்கள். எங்கள் ஊரோ மலை சுற்றுகிற பாதையில் இருக்கிறது. அப்போது மூன்று நாளில் பௌர்ணமி வரப்போகிறது, ஊர் கொள்ளாத கூட்டம் வரும். காவி கட்டினவனில் யார் சாமியார், யார் திருடன் என்று யாரால் சொல்ல முடியும்? புது மண் தெரிந்தால் போச்சு. அதனால் மாமனார் கொல்லை நடுவில், ஆழமாக, ஏர் எட்டாத ஆழத்தில் தோண்டிப் பிள்ளையை வைத்தார். மறுநாளே கொல்லை முழுக்க உழுது எல்லா மண்ணையும் புது மண்ணாக்கினார். மேற்கு மூலையில் கல்லை அடுக்கி முள்ளைப் போட்டார். தேடி வருகிறவன் அங்கே தோண்டட்டும் என்று. உழுது முடித்ததும் மகனைக் கலப்பையின் மேழியைப் பிடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். பெற்றவளிடம்கூடச் சொல்லக் கூடாது. அவளுக்குத் தெரிந்தால் அங்கே போய் அழுவாள், அவள் அழுகிற இடத்தை வைத்து எவனும் கண்டுபிடித்துவிடுவான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அந்த மூலைக்குப் போய் அழுதது மாமனாருக்கு வசதியாகத்தான் இருந்திருக்கிறது. பெற்றவளே அழுகிறாள் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? சோளக்கொல்லைப் பொம்மையை நட்டு வைப்பதுபோல என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார். பௌர்ணமி ராத்திரியில் எவனோ வந்து தோண்டிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் போயும் இருக்கிறான். மனுஷர் கணக்குப் போட்டது தப்பவில்லை. இப்போது அவரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் செத்து இத்தனை வருஷமாச்சு, அப்பவாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். செத்தவருக்குக் கொடுத்த சத்தியத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது என்றார். அப்புறம், நானும் வருஷா வருஷம் வந்து அது பக்கத்தில் நின்றேனே என்றார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மனுஷர்! நான் மூலையில் வெறும் கல்லுக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி அவரை முறைப்பேன். அவர் பிள்ளையின் தலைமாட்டில் நின்றுகொண்டு அந்த முறைப்பை முதுகில் வாங்கியிருக்கிறார். ஒரே கொல்லையில் இரண்டு பேரும் இரண்டு இடத்தில் நின்று தனித்தனியாக அழுதிருக்கிறோம். இருபது வருஷத்துக்கு மேலாக.

"எங்கேன்னு காட்டுங்க" என்றேன்.

எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன். கொல்லை நடுவில் ஓர் இடத்தில் நின்றார். காலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். திரும்பி வந்தார். வரப்பு ஒன்றில் ஒரு வேப்பங்கட்டை இருந்தது, அதை வைத்துத்தான் அவர் அடையாளம் வைத்திருந்தார். கட்டைக்கு நேராக நின்று, வரப்பிலிருந்து உழவுச் சால்களை எண்ணினால் இடம் வந்துவிடும். இப்போது கட்டையும் இல்லை, வரப்பும் இல்லை. எடுத்துக்கோ என்று சொன்னது நான்தான். அவர் மறுபடி முன்னே போனார், பின்னே வந்தார். இங்கதான் என்றார். அடுத்த நிமிஷமே, இல்லை, கொஞ்சம் அந்தப் பக்கம் என்றார். கடைசியில் நின்ற இடத்திலேயே குந்தி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வருஷா வருஷம் இந்த மண்ணில் விளைந்த மல்லாட்டையை அவித்து, உட்கார்ந்து உரித்துத் தின்றிருக்கிறோம். மகளுக்குச் சென்னைக்கு மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறேன். பாலை அப்படியே அவர் குந்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்தேன். சரியான இடமா, தப்பான இடமா, மண் உறிஞ்சிக்கொண்டது.

கொழுந்தன் கிழக்கேயிருந்து நடந்து வந்தான். அண்ணன் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். டிரைவர் வேறு இடத்துக்குப் போக வேண்டுமாம், ஓட்டலாமா, அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன் அண்ணி என்றான். எல்லாரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் எவ்வளவு இடத்தை வேண்டாம் என்பது? முழுக் கொல்லையையுமா?

"மூலையையும் சேத்தே ஓட்டிடச் சொல்லு" என்றேன்.

அவருக்குக் கையைக் கொடுத்து எழுப்பி ரோட்டோரம் கூட்டி வந்தேன். டிராக்டர் கிழக்கேயிருந்து புறப்பட்டு, நடுவில் ஒரு இடத்திலும் நிற்காமல், திரும்பாமல், நேராக வந்தது. ஒன்பது கலப்பையும் மண்ணுக்குள் இருந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார், நான் மூடவில்லை. மேற்கு மூலைக்கு வந்ததும் டிரைவர் முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு, கல்லைக் காலால் தள்ளினான். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்து, கலப்பையை அங்கே இறக்கினான். ஒன்றும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டியும் புரண்டு விழுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். சிவப்பு மண்தான் வந்தது.